கோராய்டு: கரும்படலமா, குருதிப்படலமா?

கண் மருத்துவர்கள் ‘கோராய்டு’ என்பது, விழியின் வெள்ளைச் சுவருக்கும் விழித்திரைக்கும் இடையே கிடக்கும், குருதிக் குழாய்கள் செறிந்த மெல்லிய படலத்தை. கருவைச் சூழ்ந்த சவ்வுக்குக் கிரேக்க மொழியில் ‘கோரியோன்’ என்று பெயர். அதனோடு உருவம் என்னும் பொருள்தரும் ‘எய்டோஸ்’ சேர்ந்து, ‘கருச்சவ்வு போன்றது’ என்ற பொருளில் இச்சொல் பிறந்தது. குழாய்கள் நிறைந்த அச்சவ்வை நினைத்து இட்ட பெயர் என்பதால், அதில் குருதி முதலிலிருந்தே ஒளிந்திருக்கிறது.

தமிழில் ‘விழியடிக் கரும்படலம்’ என்றும், இலங்கை வழக்கில் ‘தோலுரு’ என்றும் சொல்வர். தோலுரு கிரேக்கத்துக்கு நெருங்கியது. ஆனால் விளக்கமின்றிப் புரியாது. கரும்படலம் கண்ணால் கண்டு வைத்த பெயர்: ஆட்டுக் கண்ணை அறுத்தால் வெள்ளைச் சுவரின் உட்புறத்தில் ஒட்டியிருந்து விரலில் மைபோல் அப்பும் கறுப்பு இதனுடையதே. எனினும் நிறத்தைச் சொல்லித் தொழிலை விட்டுவிடுகிறது. கண்ணுக்கு வரும் குருதியில் ஏறத்தாழ 85 விழுக்காடு இப்படலத்தின் வழியே ஓடுகிறது. தனக்கென்று குழாய்கள் இல்லாத விழித்திரையின் வெளியடுக்கு, ஒளியுணரும் செல்கள் உட்பட, உயிர்வளிக்கும் ஊட்டத்துக்கும் இதையே நம்பியிருக்கிறது. இரவு நேரப் புகைப்படத்தில் கண் சிவப்பாகத் தெரிவதும் பெரும்பாலும் இக்குருதியால்தான். ஆகவே ‘விழிக் குருதிப்படலம்’ என்பதே என் பரிந்துரை.

மூப்பைப் பற்றி எழுதுகையில் இப்பெயரின் தேவை இன்னும் தெளிவாகிறது. வயது ஏற ஏற இப்படலம் மெலிகிறது. 2009இல் வெளியான ஓ.சி.டி. ஒளிவருடல் (கண்ணின் அடுக்குகளை ஒளியால் வருடிப் படம்பிடிக்கும் முறை) ஆய்வொன்று, விழித்திரையில் பார்வை மிகக் கூர்மையாக உள்ள இடமான கூர்நோக்குக் குழியின் அடியில் அதன் தடிமன் ஆண்டுக்குச் சுமார் 1.56 மைக்ரோமீட்டர் குறைவதாகக் கணக்கிட்டது. குழாய்களின் அடர்த்தியும் குருதியோட்டமும் தளர்கின்றன. அதே காலத்தில், குருதிப்படலத்துக்கும் விழித்திரைக்கும் நடுவே வடிகட்டிபோல் அமைந்த புரூக் சவ்வு தடித்துக் கொழுப்பேறுவதால், ஊட்டம் உள்ளே செல்வதும் கழிவு வெளியேறுவதும் மந்தமாகி, ‘துரூசன்’ எனப்படும் மஞ்சள் படிவுகள் திரளக்கூடும். பெரிய துரூசன்கள் முதுமையில் நடுப்பார்வையைப் பறிக்கும் மாக்குலா (விழித்திரையின் மையப்பகுதி) சிதைவின் அறிகுறியாகக் கொள்ளப்படுகின்றன. இம்மெலிவைக் ‘கரும்படல மெலிவு’ என்று எழுதினால் நிறம் வெளுத்ததாகவே வாசகர் எண்ணுவார். ‘குருதிப்படல மெலிவு’ என்றால் எது குறைகிறது என்பது சொல்லிலேயே விளங்கிவிடும்.