பேன்டம் கோழி: நிறத்தை நம்பாதீர்கள்

பேன்டம் என்பதை ஒரு கோழி இனத்தின் பெயராகவே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஓர் ஊர்ப்பெயர். ஜாவா தீவின் மேற்குப் பகுதியில் உள்ள பான்டென் துறைமுகத்தில் ஐரோப்பிய மாலுமிகள் வழியுணவுக்காகக் கோழிகளை உயிரோடு வாங்கிக் கப்பலேற்றினார்கள். அவை உருவில் சிறியவை. நாளடைவில் எங்கே பிறந்த குட்டைக் கோழிக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. ஆகவே, ஒரு கோழியைப் பேன்டம் என்றால் அதன் அளவைத்தான் சொல்லியிருக்கிறோம்; இனத்தை இன்னும் சொல்லவில்லை.

இனம் காணப் புறப்படுகிறவர்கள் முதலில் நிறத்தில் மயங்கிவிடுவார்கள். ஒரே இனத்தில் பல நிறங்கள் உண்டு. ஒரே நிறம் பல இனங்களிலும் வரும். காலும் கொண்டையும் வாலும் அவ்வளவு எளிதில் ஏமாற்றுவதில்லை.

வயிறு தரையைத் தொடும்படி கால் குட்டையாகி, வால் நிமிர்ந்து தலைக்கு மேலே எழுந்து நின்றால் அது ஜப்பானின் சாபோ. குட்டைக்காலுக்குக் காரணமான மரபணு மாற்றம் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கால் குறுகும்; இருவரிடமிருந்தும் வந்தால் குஞ்சு முட்டைக்குள்ளேயே இறந்துவிடும். எனவே குட்டைக்கால் ஜோடியின் கருக்களில் சராசரியாகக் கால் பங்கு பொரிப்பதில்லை. பொரிப்பவற்றிலும் மூன்றில் ஒன்று நீண்ட காலோடு வரும். அதைக் கலப்பினம் என்று ஒதுக்கிவிடுவது அவசரம்.

கால்விரல் வரை இறகு மூடி, பந்துபோல் உருண்டு, வாலைவிடத் தலை தாழ்ந்திருந்தால் அது பெக்கின். அமெரிக்காவில் அதே கோழிக்குக் கொச்சின் பேன்டம் என்று பெயர். பெல்ஜியத்தின் இரண்டு தாடிக் கோழிகளைத்தான் எல்லாரும் குழப்பிக்கொள்கிறார்கள். இறகுக் காலும் ஒற்றைக் கொண்டையும் உடையது உக்ல், வெறுங்காலும், தட்டையாகப் பரந்து முண்டும் முடிச்சுமான ரோஜாக் கொண்டையும் உடையது ஆன்ட்வெர்ப். நெஞ்சை முன்னே தள்ளி, சிறகுகளைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு நிற்கும் செராமா மலேசியாவின் கிளந்தானைச் சேர்ந்தது. அரை கிலோகூடத் தேறாத அதற்குத்தான் எத்தனை மிடுக்கு!

எனக்குப் பிடித்த புதிர் செப்ரைட். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் சர் ஜான் செப்ரைட் உருவாக்கிய இனம் இது. ஒவ்வோர் இறகின் ஓரத்திலும் மை தீட்டியதுபோல் கறுப்புக் கரை ஓடும். ஆனால் சேவலுக்குக் கூரிய பிடரி இறகும் இல்லை, அரிவாள்போல் வளைந்த வாலிறகும் இல்லை. பெட்டையின் உடையைத்தான் அதுவும் உடுத்தியிருக்கிறது. கோழிகளில் இறகின் முனையை வட்டமாக்குவது ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன். செப்ரைட் சேவலின் தோலில் அரோமடேஸ் என்னும் நொதி மிகுதியாக உருவாகி, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை அங்கேயே ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுகிறது. அந்த நொதிக்கான மரபணுவின் அருகே எப்போதோ நுழைந்து தங்கிவிட்ட ஒரு ரெட்ரோவைரஸ் துண்டுதான் அதைத் தோலிலும் இயங்கவைக்கிறது.

வைரஸ் துண்டு தெரியவருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, மரபியலாளர் தாமஸ் ஹன்ட் மார்கன் செப்ரைட் சேவல்களின் விரைகளை நீக்கிப் பார்த்தார். அதன்பின் முளைத்தவை அசல் சேவல் இறகுகள்! டெஸ்டோஸ்டிரோன் வரத்து நின்றதும் தோலில் ஈஸ்ட்ரோஜனுக்கு வழியில்லாமல் போயிற்று. விரை இருந்தவரை பெட்டையாகத் தெரிந்த பறவை, அதை இழந்தபின் சேவலாகத் தெரிந்தது.

அளவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதில் நாடுகளுக்கிடையே ஒற்றுமை கிடையாது. பூனை மயிர் போன்ற இறகும் கறுத்த தோலும் ஐந்து விரலும் கொண்ட சில்கி, அமெரிக்கக் கண்காட்சியில் பேன்டம். பிரிட்டனில் அது பெரிய கோழி.