காசும் கேஷும்

தமிழின் 'காசு'தான் ஆங்கிலத்தில் 'கேஷ்' ஆனது என்ற செய்தி ஆண்டுக்கு இரண்டு முறையாவது வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. புதுச்சேரி நேரு வீதிக் கடைகளில் கல்லாவுக்கு மேலே 'கேஷ்' என்று எழுதியிருக்க, அதன் கீழே அமர்ந்திருப்பவர் "காசா, ஜிபேயா?" என்று கேட்பதை நாள்தோறும் காதில் வாங்கும் எவருக்கும் இதில் ஐயம் எழாது. ஆயினும் அந்தப் பலகையில் உள்ள கேஷுக்கும் நம் காசுக்கும் பிறப்பில் எந்த உறவும் இல்லை. உறவுடைய கேஷ் வேறு ஒன்று, அது இப்போது அன்றாட வழக்கில் இல்லை.

ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு சொற்கள் இருந்தன. பலகையில் இருப்பது லத்தீனில் பெட்டியைக் குறித்த 'காப்ஸா'வின் வழிவந்தது. அது இத்தாலியத்தில் 'காஸ்ஸா', பிரெஞ்சில் 'கேஸ்' என்றாகி, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குப் போனபோது முதலில் பணப்பெட்டியைக் குறித்தது. பின்னர் பெட்டிக்குள் இருந்த பணத்துக்கே பெயராயிற்று. "இன்றைக்குக் கல்லா எவ்வளவு?" என்று நாம் பெட்டியைச் சொல்லி வரவைக் கேட்பதும் இதே வகைதான். கேஷியர், கேசட், கேப்ஸ்யூல் ஆகியவை இதன் உடன்பிறப்புகள். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த பெரியவர்களைக் கேட்டால், மரப்பெட்டியும் 'கேஸ்'தான், பணம் கட்டும் இடமும் 'கேஸ்'தான் என்பார்கள். வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ரோமானியர் காப்ஸாவில் ஏட்டுச்சுருள்களை வைத்திருந்தனர் என்பதால், இந்தச் சொல்லுக்குத் தமிழ் மூலம் தேடுவது வீண்.

மற்றொரு கேஷ் ஒரு நாணயத்தின் பெயர். காசின் உண்மையான வாரிசு அதுதான். 16ஆம் நூற்றாண்டில் கீழைக் கடல்களில் வாணிகம் செய்த போர்ச்சுகீசியர், காசு என்று கேட்டதைக் 'கைஷா' என்று எழுதினர். அவர்கள் மொழியில் பெட்டிக்குப் பெயர் கைஷா. (அதுவும் காப்ஸாவின் பிள்ளை.) அயல்சொல் காதில் விழும்போது, பொருள் பொருந்தாவிட்டாலும் தனக்குத் தெரிந்த சொல்லின் ஒலிக்குள் அதை அடைத்துவிடுவது மனித மனத்தின் பழக்கம். இதற்குச் சான்று தேடி நாம் லிஸ்பனுக்குப் போக வேண்டியதில்லை. ஆறுகள் கூடும் இடமாகையால் கூடலூர் எனப்பட்ட ஊர், வெள்ளைக்காரர் வாயில் 'கடலோர்' ஆகி, கடற்கரையில் இருப்பதால் கடலூர் என்றே இன்று பொருள்கொள்ளப்படுகிறது. கூடலைக் கடல் விழுங்கியதுபோலத்தான் காசைக் கைஷா விழுங்கியது. போர்ச்சுகீசியரிடமிருந்து 'ஷ' ஒலியோடு அதை வாங்கிய ஆங்கிலேயர், தம்மிடம் இருந்த பெட்டிக் கேஷின் வடிவத்திலேயே அதையும் எழுதிவிட்டனர்.

இந்தக் கேஷ் வெகுதூரம் போயிற்று. நடுவில் சதுரத் துளையுடைய சீனச் செப்புக்காசுகளை ஆங்கில நூல்கள் இன்றும் கேஷ் என்றே குறிக்கின்றன. சீனரோ அவற்றை 'சியென்' என்பர். அவர்கள் அந்தத் துளையில் கயிறு கோத்துக் காசுகளைச் சரமாக வைத்திருந்தனர். நம் சங்கப் பாடலில் வரும் பழைய காசும் நூலில் கோப்பதற்கானதே என்பது ஒரு வியப்பான ஒற்றுமை, அவ்வளவுதான். குறுந்தொகையின் 67ஆம் பாடலில், கிளி தன் வளைந்த அலகில் பற்றிய வேப்பம்பழம், புதுநூல் கோப்பவரின் கூரிய நகநுனியில் இருக்கும் பொன் அணிகலத்தின் ஒற்றைக் காசைப் போலத் தோன்றுகிறது. சங்கப் புலவரின் காசு இவ்வாறு நகையில் கிடக்க, சோழர் கல்வெட்டுகளின் காசு தெளிவாகவே நாணயமாக இருக்கிறது. 'கர்ஷம்' என்னும் வடமொழி எடைப்பெயரோடு காசை இணைப்போரும் உண்டு. குற்றம் என்ற பொருளும் காசுக்கு உண்டு; வெண்பாவின் ஈற்றுச்சீருக்கு வாய்பாடாகவும் அது வரும். அவை வேறு கதை.

1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கிய காலத்தில் இக்கரையின் கணக்குகள் வராகன், பணம், காசு என்ற நாணயங்களிலேயே ஓடின. பின்னாளைய சென்னை மாகாண வாய்பாட்டின்படி 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். பிரெஞ்சுக்காரர் தம் பங்குக்குப் புதுச்சேரிச் சிறுகாசைக் 'காஷ்' என்று எழுதினர்; அவர்கள் மொழியில் 'காஷே' என்றால் ஒளித்துவைத்தல். நம் கைபேசி அவ்வப்போது அழிக்கச் சொல்லும் 'கேஷ்' அந்த ஒளித்தலிலிருந்து வந்த மூன்றாவது சொல்; பணத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய பூட்டுகளுக்கும் கடிகாரங்களுக்கும் நடுவே, நாணய வியாபாரி ஒருவர் 1808ஆம் ஆண்டுச் செப்புக்காசு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். சென்னை மாகாணத்துக்காகப் பர்மிங்காமில் அடித்த காசு அது. ஒரு முகத்தில் கம்பெனியின் சின்னம். மறுமுகத்தில் ரோமன் எண்ணில் இருபது கேஷ். அதற்கு மேலே பாரசீக எழுத்தில் "பீஸ்த் காஸ் சஹார் ஃபலூஸ் அஸ்த்", அதாவது இருபது காசு நான்கு ஃபலூஸ் (செப்பு நாணயம்). பாரசீகம் எழுதிய முன்ஷி தன்னைச் சுற்றி இருந்தவர்கள் வாயில் கேட்டபடி 'காஸ்' என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். லிஸ்பன் வழியாகச் சுற்றி வந்த 'கேஷ்' அதற்கு ஒரு விரல்கடை கீழே இருந்தது.