சுவரடி நிழலும் மே மாத வெயிலும்

ஏற்காட்டில் என் சித்தப்பா வீட்டுக்குத் தெற்கே, மலைச்சரிவை வெட்டி எழுப்பிய ஆறடி உயரக் கருங்கல் தடுப்புச் சுவர் இருக்கிறது. முகம் வடக்கே. டிசம்பரில் பார்த்தபோது சுவரடி முழுக்க நிழல். நிழலுக்கு ஏற்றது என்று சொல்லி ஆந்தூரியம் என்ற பூச்செடியை வரிசையாக நட்டார். மே மாதம் இலையெல்லாம் தீய்ந்துபோயிற்று.

வடக்கு பார்த்த சுவர் என்றால் ஆண்டு முழுக்க நிழல் என்பது இங்கிலாந்துக்கு ஏறக்குறையச் சரி. ஏற்காடு பூமத்திய ரேகைக்கு வடக்கே 12 பாகைக்குச் சற்றுக் குறைவான இடம். ஏப்ரல் பிற்பாதியில் ஒரு நாள் நண்பகல் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் நிற்கும். நட்ட கம்புக்கு நிழலே விழாது. அப்புறம் ஆகஸ்ட் பிற்பாதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். டிசம்பர் நண்பகலில் நான்கடிக்கு மேல் நிழல் தந்த அதே சுவர், மே மாதத்தில் காலடியை வெயிலுக்குத் திறந்துவிடும். ஜூனுக்குப் பிறகு மேகம் கொஞ்சம் காப்பாற்றும்.

நிழல் இலை மெல்லியது, அகலமானது. கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தைச் சிந்தாமல் பிடிக்க அமைந்தது. திடீரென்று முழு வெயில் விழுந்தால், பிடித்த ஆற்றலைச் செலவழிக்க அதற்கு வழியில்லை. மிச்ச ஆற்றல் இலையின் உள்ளமைப்பையே சேதப்படுத்துகிறது. ஆந்தூரியம் தீய்ந்த கதை இதுதான்.

இன்னொன்று. மர நிழலும் சுவர் நிழலும் ஒன்றல்ல. மரத்தின் இலைகள் சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சிக்கொண்டு, தமக்கு அவ்வளவாக உதவாத, சிவப்புக்கு அடுத்த ஓரத்தில் இருக்கும் தொலைசிவப்பு ஒளியைக் கீழே விடுகின்றன. கீழே இருக்கும் செடி, ஃபைட்டோகுரோம் என்ற நிறமியால் இதை உணர்ந்து, 'மேலே போட்டி இருக்கிறது' என்று நெட்டையாக ஓடுகிறது. சுவர் வெயிலைத்தான் தடுக்கும். வானத்தின் வெளிச்சம் வடிகட்டப்படாமல் வந்து சேரும். அதனால் சுவரடிச் செடி அவ்வளவாக நெட்டை விடாது.

எனக்கு நிழலைவிடத் தண்ணீர்தான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. சுவருக்குப் பின்னால் ஆறடிக்கு நீர் தேங்கினால், அடியில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1.8 டன் விசை சுவரைத் தள்ளும். அதை வடிக்கத்தான் சுவரில் குழாய் வைக்கிறார்கள். அந்தக் குழாய் வாயருகே பெரணி தானாக முளைத்திருந்தது. பெரணிக்கு விதை கிடையாது. காற்றில் வரும் தூள் போன்ற ஸ்போர், நகத்தைவிடச் சிறிய பச்சைத் தகடாக முளைக்கும். அதில் ஆண் அணு நீந்திப் போய்த்தான் கருவுற வேண்டும், அதற்கு நீர்ப்படலம் வேண்டும். ஆக, பெரணி நிற்கிற இடமே ஈரத்தின் வரைபடம்.

சுண்ணாம்புக் காரையை விரும்பும் பெரணிகளும் உண்டு. பழைய சுவர்களில் சாதாரணமாக வளரும் டெரிஸ் விட்டேட்டா அப்படி ஒன்று. அது மண்ணிலிருந்து ஆர்சனிக்கை உறிஞ்சி இலையில் குவிக்கிறது என்று 2001இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கண்டுபிடித்தார்கள்! அதை நட வேண்டியதில்லை, பிடுங்காமல் விட்டால் போதும். குழாய் வாயை மட்டும் அடைக்க விடக்கூடாது.

குழாய்களுக்கு நடுவே, காய்கிற இடத்துக்கு மருள் செடி ஏற்றது. வீட்டில் வளர்க்கும் ஸ்நேக் பிளான்ட் இதன் உறவு. இலைத்துளைகளை இரவில் திறந்து கரியமில வாயுவைச் சேமித்து, பகலில் மூடிக்கொண்டு உணவு தயாரிக்கும். தண்ணீர் வீணாவது குறைவு. நிழலும் தாங்கும், மே மாத வெயிலும் தாங்கும். சுவர் உச்சியில் கற்பூரவல்லி வைத்தால் வழிந்து தொங்கும். மணி பிளான்ட்டை நான் ஏற்ற மாட்டேன். விரிசல் விட்டாலும் இலைக்குப் பின்னால் தெரியாது.

விரிசல் என்றதும் அரசங்கன்று. பறவை எச்சத்தில் வரும் விதை கல்லிடுக்கில் முளைத்து, வேர் பருத்தால் கல்லையே நகர்த்திவிடும். மேலே நறுக்கினால் மறுபடி துளிர்க்கும். இரண்டு இலையில் வேரோடு எடுக்க வேண்டும். சித்தப்பா எடுக்கிறார். அரசைப் பிடுங்கிப் போடுவது பாவம் என்று சித்தி அவற்றை எண்ணெய் டின்னில் நட்டுவைக்கிறார். இப்போது நான்கு டின் ஆகிவிட்டது.