ஸ்கேன் பார்த்தாச்சு, பிரஷர் பார்த்தீங்களா?

போன வாரமும் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு கர்ப்பிணிப் பிள்ளை வந்தாள். முக்கூடல் பக்கம் தாய்வீடு, தலைப்பிரசவம், எட்டாம் மாதம். இரண்டு நாளாகத் தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் காலும் வீக்கம். பிரஷர் 170/110. சிறுநீரில் புரதம்.

"நாள் பூரா உக்காந்து பீடி சுத்துதால்லா நர்ஸம்மா, அதான் கால் வீங்கிருக்கு. ஸ்கேன்ல பிள்ளை நல்லா இருக்குன்னு சொல்லிட்டாவ" என்கிறார் அம்மா.

பிரஷர் மருந்தும், வலிப்பு வராமல் தடுக்க மெக்னீசியம் சல்பேட் முதல் தவணை ஊசியும் போட்டு 108-ல் ஹைகிரவுண்டுக்கு, அதாவது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு, அனுப்பினோம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை.

எத்தனை தடவை சொல்வது? ஸ்கேன் பிள்ளையின் வளர்ச்சியைக் காட்டும், பனிக்குட நீரைக் காட்டும், நஞ்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது என்று காட்டும். தாயின் பிரஷரை ஸ்கேன் பார்க்காது. ரத்தத்தின் அளவு (ஹீமோகுளோபின்), சர்க்கரை, சிறுநீரில் புரதம், இவை எதையும் பார்க்காது. ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று இருந்தால் அன்றைக்குப் பிள்ளை நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். தாய்க்கு அடுத்த வாரமே பிரஷர் 140/90-ஐத் தாண்டலாம். ஆரம்பத்தில் ஒரு வலியும் தெரியாது. கையில் பட்டையைக் கட்டி அளந்தால்தான் தெரியும். அதைத்தான் ஊர் நர்ஸம்மா மாதாமாதம் வீடு தேடி வந்து செய்கிறார். அவரிடம் "நாங்க டாக்டர்ட்ட காட்டுதோம்" என்று கதவைச் சாத்துகிறீர்கள்!

'நர்ஸ்தானே' என்ற பேச்சும் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகப்பிரசவம் பார்ப்பது செவிலியர்தான். வலி வந்ததிலிருந்து அரைமணிக்கு ஒருதரம் பிள்ளையின் இதயத்துடிப்பு 110-க்கும் 160-க்கும் இடையில் இருக்கிறதா என்று கேட்பது, பிள்ளை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் ஆக்ஸிடோசின் போடுவது, கர்ப்பப்பை இறுகியதா என்று வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது எல்லாம் எங்கள் வேலை. எப்போது மேலே அனுப்ப வேண்டும் என்று அறிவதும் அதில் சேர்ந்ததே. பேறுகாலப் பணிக்கென்றே செவிலியர்களுக்கு 18 மாதத் தனிப் பயிற்சியை 2018-ல் மத்திய அரசு வகுத்தது.

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகை 18,000 ரூபாய்க்காகப் பெயர் பதிந்துவிட்டு, அப்புறம் எட்டிப் பார்க்காதவர்கள் உண்டு. பணம் உங்கள் உரிமை, வாங்குங்கள். பரிசோதனைக்கும் வாருங்கள்.

இரும்புச்சத்து மாத்திரையை டீ, காப்பியோடு விழுங்காதீர்கள், சத்து உடம்பில் சேராது. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் பெரிய ஆஸ்பத்திரிதான்.

வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வரும் பிள்ளைகளே, நீங்கள்தான் பரிசோதனையில் விட்டுப்போகிறீர்கள். புகுந்த ஊர் நர்ஸம்மா உங்களைத் தேடுவார், பிறந்த ஊர் நர்ஸம்மாவுக்கு நீங்கள் வந்ததே தெரியாது. போன வாரம் வந்த அந்தப் பிள்ளைக்கும் ஒன்றரை மாதமாக யாரும் பிரஷர் பார்க்கவில்லை. வந்த அன்றே பரிசோதனை அட்டையோடு துணை சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சொல்லுங்கள், தாயீ.

தீராத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகவீக்கம், உதிரப்போக்கு, பிள்ளை அசைவு குறைவு: இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.