'ஒப்புக்கொள்கிறேன்' என்று எதை ஒப்புக்கொள்கிறோம்?

கைப்பேசியில் எந்தச் செயலியைத் திறந்தாலும், வங்கியின் இணையப் பக்கத்துக்குள் நுழைந்தாலும், அறுவைச் சிகிச்சைக்கு முன் மருத்துவமனை நீட்டும் தாளைப் பார்த்தாலும், 'நான் ஒப்புக்கொள்கிறேன்' என்ற தொடர் தவறாமல் எதிரே நிற்கிறது. ஆங்கிலத்தின் 'அக்ரீ' என்ற வினைக்கு இதுதான் தமிழ் என்று முதலில் யாரோ முடிவு செய்திருக்க வேண்டும். பின்னால் வந்தவர்கள் படியெடுத்துவிட்டார்கள். அண்மையில், லித்துவேனிய மொழியில் எழுதப்பட்டு ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்த ஒரு வாடகை ஆவணத்தைச் சரிபார்க்க நேர்ந்தது. மூலத்தில் மூன்று தனித்தனி வினைகளாக இருந்தவை ஆங்கிலத்தில் ஒரே 'அக்ரீ' ஆகி, தமிழில் ஒரே 'ஒப்புக்கொள்' ஆகிக் கிடந்தன. இரு தரப்பும் வாடகைத் தொகையைப் பேசி முடித்ததும் ஒப்புக்கொண்டதுதான்; குடிவருபவர் தம் விவரங்களைப் பதிவு செய்ய இடங்கொடுத்ததும் ஒப்புக்கொண்டதுதான்; சுவரின் விரிசல் தமக்கு முன்பே தெரியும் என்று உரிமையாளர் சொன்னதும் ஒப்புக்கொண்டதுதான். மூன்றாவது இடத்தில் மட்டுமே அந்தச் சொல் சரியாகப் பொருந்தியது.

அந்த ஆங்கிலச் சொல்லின் பிறப்பையும், அதன் பொருளை ஒட்டிய வேறு சில சொற்களின் பிறப்பையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய பிரெஞ்சில் 'விருப்பத்துக்கேற்ப' என்ற பொருளுள்ள தொடரிலிருந்து வந்தது அக்ரீ. லத்தீனில் 'சேர்ந்து உணர்தல்' என்பதிலிருந்து கன்சென்ட் வந்தது. அதே உணர்தல் வேறொரு முன்னொட்டோடு சேர்ந்து அசென்ட் ஆயிற்று. 'எடுத்துக்கொள்ளுதல்' அக்செப்ட் ஆனது. இவற்றுள் அக்ரீ ஒன்றே எல்லா இடத்துக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும் சொல். ஆங்கிலத்தார்க்கு அது தொல்லையில்லை. அதன் பின்னால் வரும் 'டு', 'ஆன்', 'வித்' போன்ற சிற்றிடைச்சொல் பொருளைப் பிரித்துக் காட்டிவிடும். மொழிபெயர்ப்பவர்தான் அந்த இடைச்சொல்லைப் பார்க்காமல் வினையை மட்டும் பெயர்க்கிறார்.

லித்துவேனியர் இதைக் கையாளும் விதம் வேறு. அவர்களிடம் 'சுதிக்தி' என்றொரு வினை உண்டு. 'சு' என்பது 'உடன், சேர்ந்து' என்று பொருள்படும் முன்னொட்டு. 'திக்தி' என்றால் பொருந்துதல், ஏற்றதாயிருத்தல். ஒருவர் ஒன்றுக்கு மனமுவந்து இடங்கொடுப்பது சுதிக்தி. அதே வினை, செயப்படுபொருளாக ஓர் ஆளைக் கொண்டால் 'எதிர்ப்படுதல், சந்தித்தல்' என்றாகிவிடும். அடுத்தது 'சுதார்தி'. 'தார்தி' என்றால் சொல்லுதல், உச்சரித்தல். ஆகவே சுதார்தி என்பது சேர்ந்து சொல்லி ஒரு முடிவுக்கு வருதல். ஒப்பந்தத்துக்கும் நாடுகளிடையேயான உடன்படிக்கைக்கும் அவர்கள் வழங்கும் 'சுதார்திஸ்' இதன் பிள்ளை. மூன்றாவது 'பிரிதார்தி', ஒருவர் சொன்னதன் பக்கமாக நின்று தாமும் சொல்லுதல். நாம் கூட்டங்களில் முன்மொழிந்ததை 'வழிமொழிகிறேன்' என்கிறோமே, ஏறக்குறைய அதே கட்டுமானம். அவர்களுடைய நாடாளுமன்றமான செய்மாஸ் ஒரு மசோதாவை ஆதரித்தால் இந்த வினைதான் செய்தியில் வரும். வாக்கெடுப்பில்லாமல் அவை முழுதும் இசைந்தால் அவைத்தலைவர் 'பெந்த்ரு சுதாரிமு', அதாவது பொது உடன்பாட்டின்படி என்று அறிவிப்பார். குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு இவை எதனோடும் உறவில்லாத வேறு வினை இருக்கிறது.

இனி நம் 'ஒப்புக்கொள்'. இதன் வேர் 'ஒ'. ஒத்தல், ஒப்பு, ஒப்பிடுதல், ஒப்புமை, ஒப்பிலாதவன் எல்லாம் இதன் வழி வந்தவை. நிகராதல், ஒன்றைப் போலவே இருத்தல் என்பதுதான் அடிப்படைப் பொருள். ஒருவர் சொன்னதும் நடந்ததும் ஒத்துப்போகின்றன என்று ஏற்பதே ஒப்புக்கொள்ளுதல். அதனால்தான் அது இரண்டாம் வேற்றுமை ஏற்று, 'தவற்றை ஒப்புக்கொண்டான்', 'கடனை ஒப்புக்கொண்டான்' என்று வருகிறது. காவல் நிலையத்தில் 'ஒப்புதல் வாக்குமூலம்' என்பதும், அஞ்சலகத்தில் 'ஒப்புகை அட்டை' என்பதும், வாக்குச்சாவடியில் 'ஒப்புகைச் சீட்டு' என்பதும் இந்தப் பொருளில் நின்ற சரியான ஆக்கங்கள். உண்மை இன்னது என்பதற்கு ஒருவர் தரும் உறுதி அது. அறுவைச் சிகிச்சைக்குப் படுக்கும் நோயாளி எந்த உண்மைக்கு உறுதி தருகிறார்? இன்னும் எதுவும் நடக்கவில்லையே.

இதற்கு மறுமொழி உண்டு என்பதை அறிவேன். 'வர ஒப்புக்கொண்டார்', 'கல்யாணத்துக்கு ஒத்துக்கொண்டாள்' என்று மக்கள் பேசுகிறார்களே என்பார்கள். பேசுகிறார்கள்தான். ஆனால் அந்தப் பேச்சைக் கொஞ்சம் உற்றுக் கேட்க வேண்டும். 'கடைசியில் ஒத்துக்கொண்டாள்' என்போம். 'ஒருவழியாக ஒத்துக்கொண்டார்' என்போம். 'கெஞ்சிக் கூத்தாடி ஒத்துக்கொள்ள வைத்தோம்' என்போம். கேட்பவர் ஒருவர் இருக்கிறார், அவர் விடாமல் கேட்கிறார், எதிரே இருப்பவர் இறங்கி வருகிறார் என்ற கதை அந்த வினைக்குள் அடங்கியிருக்கிறது. தானே விரும்பி வந்தவளை 'ஒத்துக்கொண்டாள்' என்று எந்த வீட்டிலும் சொல்வதில்லை. 'அவளுக்குச் சம்மதம்' என்பதே வழக்கு. சட்டம் கேட்கும் கன்சென்ட், வற்புறுத்தலின்றித் தரப்பட வேண்டியது. வற்புறுத்தலின் வாடை அடிக்கும் வினையை அதற்குச் சூட்டுவது, சட்டம் எதைத் தடுக்க நினைத்ததோ அதையே பெயரில் வைப்பதாகும்.

இன்னொரு குறையும் உண்டு. ஒப்புதல் என்ற ஒரே சொல் இன்று நான்கு வேலை பார்க்கிறது. குற்றவாளி தருவது ஒப்புதல். அமைச்சரவை தருவது ஒப்புதல். மசோதாவுக்கு ஆளுநர் தருவது ஒப்புதல். நோயாளி தருவதும் ஒப்புதல். மேலிருந்து கீழே வருவதும் கீழிருந்து பிடுங்கப்படுவதும் ஒரே பெயரில் நடமாடினால், படிவத்தைப் படிப்பவர் தாம் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று எப்படி அறிவார்? சட்டத்தமிழில் அசென்ட்டுக்கு 'ஏற்பிசைவு' என்ற நல்ல ஆக்கம் இருக்கிறது. செய்தித்தாள்கள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. தலைப்பில் இடம் போதாது என்பது அவர்களுடைய பழைய சாக்கு.

நான் முன்வைப்பது 'இசைவு'. இசைதல் என்பதற்குப் பொருந்துதல், உடன்படுதல் என்பவை பழம்பொருள்கள். பாட்டுக்கும் அதே வேரின் 'இசை' பெயராக வழங்குவது தமிழின் கொடை. லித்துவேனியரின் சுதிக்தியில் 'சேர்ந்து பொருந்துதல்' இருப்பதுபோல நம் இசைவிலும் பொருந்துதலே கருவாக இருக்கிறது. இடையில் புகுந்த ஆங்கிலத்தை விலக்கிவிட்டால் இரண்டும் நேருக்கு நேர் நிற்கும். பாட்டோடு உள்ள உறவும் அங்கே இருக்கிறது. வடகிழக்கு லித்துவேனியாவின் அவுக்ஷ்டைதியா வட்டாரத்தில் பெரும்பாலும் பெண்கள் பாடிவந்த 'சுதார்தினேஸ்' என்ற பல்குரல் பாடல்களின் பெயர், மேலே சொன்ன சுதார்தி வினையிலிருந்து வந்தது. 2010இல் யுனெஸ்கோ அவற்றை மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பாடல்களில் குரல்கள் ஒரே சுரத்தில் கூடுவதில்லை. அடுத்தடுத்த சுரங்களில் நின்று, நம் காதுக்கு உரசுவதுபோலவே ஒலித்துக்கொண்டு, ஆனால் பிரியாமல் போகின்றன. உடன்பாட்டின் பெயரைத் தாங்கிய பாட்டு இப்படி இருக்கிறது. நம்மிடம் 'ஒ' என்ற வேரிலிருந்து பிறந்த இசைச் சொல் எது என்று பார்த்தால், நாகசுரத்துக்குப் பக்கத்தில் ஒரே சுரத்தை விடாமல் ஊதும் 'ஒத்து' நிற்கிறது. தலைவர் என்ன சொன்னாலும் தலையாட்டுபவரை 'ஒத்து ஊதுகிறார்' என்கிறோம். நோயாளியும் வாடிக்கையாளரும் ஒத்து ஊத வேண்டும் என்று படிவம் எழுதுபவர்கள் விரும்பினால் அவர்கள் தேர்ந்த சொல் பொருத்தமானதே.

இசைவு புதுச்சொல்லும் அல்ல. தொழிற்சாலைகளுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தருவது 'இசைவாணை'. ஆங்கிலத்தில் அது கன்சென்ட் என்றே இருக்கிறது. அங்கே அரசு தருவதையும் இங்கே தனியாள் தருவதையும் ஒரே சொல்லால் குறிப்பது குழப்பமில்லையா என்று கேட்கலாம். 'ஆணை' என்ற ஒட்டு அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

இரு தரப்பும் சேர்ந்து வந்தடைவதற்கு 'உடன்பாடு' இருக்கவே இருக்கிறது. 890ஆம் குறள், 'உடம்பாடு இலாதவர் வாழ்க்கை' குடிசைக்குள் பாம்போடு குடியிருப்பது போன்றது என்கிறது. அங்கே பேச்சு இருவரைப் பற்றியது. இரண்டு உயிரெழுத்து மோதும் இடத்தில் யகர வகரங்களைக் கொண்டுவந்து சேர்க்கும் இலக்கணம், அவற்றுக்கு 'உடம்படுமெய்' என்று பெயரிட்டதும் அதே பொருளில்தான். இலங்கைச் செய்தித்தாள்கள் 'இணக்கப்பாடு' என்று எழுதுவது சற்று நீளம் என்றாலும் பொருளில் பிழையில்லாதது. ஒருவர் மட்டும் தருவதை உடன்பாடு என்பதும், இருவர் செய்ததை இசைவு என்பதும் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை இந்த இரண்டையும், ஒருவருடைய தரவைக் கையாள்வதற்கான தனித்தனிச் சட்ட அடிப்படைகளாகவே வைத்திருக்கிறது. லித்துவேனியப் பதிப்பில் ஒன்று சுதிகிமாஸ், மற்றது சுதார்திஸ். தமிழில் இரண்டையும் ஒப்பந்தம், ஒப்புதல் என்று ஒரே குடும்பத்தில் தேடுபவர், பிரித்து எழுதப்பட்ட சட்டத்தை மீண்டும் ஒட்டவைக்கிறார்.

'சம்மதம்' பற்றியும் சொல்ல வேண்டும். 'சேர்ந்து எண்ணுதல்' என்ற வடமொழிக் கட்டுமானம் அது. அதனாலேயே தூய்மை பார்ப்பவர்கள் அதைப் படிவங்களிலிருந்து துரத்தினார்கள். துரத்திய இடத்தில் இசைவை வைத்திருந்தால் கைதட்டியிருப்பேன், ஒப்புதலை வைத்தார்கள். பிறமொழிச் சொல் போயிற்று, பொருளும் கூடவே போயிற்று. பெண் பார்க்கும் வீட்டில் படிக்காத பாட்டிக்கும் பிடிபட்ட சொல்லை, அவருக்கே மருத்துவமனையில் புரியாமல் செய்வது எந்த வகைத் தமிழ்ப்பணி? ஆவணத்தில் இசைவு, வாய்ப்பேச்சில் சம்மதம் என்று இரண்டையும் வைத்துக்கொள்வதில் எனக்குத் தடையில்லை.

இந்தக் கணக்கு இப்போது வெறும் சொல்லாராய்ச்சியும் அல்ல. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இசைவு கேட்கும் வாசகத்தை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பு அளிக்கப்பட வேண்டும் என்கிறது. தமிழ் அந்த அட்டவணையில் உள்ள மொழி. தந்த இசைவைத் திரும்பப் பெறவும் அதே சட்டம் இடமளிக்கிறது. ஆகவே பொத்தானில் 'இசைகிறேன்' என்பது பாடப்போவதுபோல ஒலிக்கிறது என்று கூசுபவர்கள் 'சம்மதம்', 'சம்மதமில்லை' என்று இரண்டு பொத்தான்களை வைக்கட்டும். கீழே 'இசைவைத் திரும்பப் பெறுக' என்று மூன்றாவது இருக்கட்டும். இன்றுள்ளபடி 'ஒப்புக்கொண்டதைத் திரும்பப் பெறுக' என்று எழுதினால், நீதிமன்றத்தில் வாக்குமூலத்தை மாற்றிச் சொல்லப் போகிறவருக்கு விடுக்கும் அழைப்பாகத்தான் அது படிக்கப்படும்.