லைட் எரியும், ஹோர்ன் அடிக்கும், கார் மட்டும் ஸ்ராட் ஆகாது

திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரையை ஒட்டிக் கார் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். சாவியைத் திருப்பினால் ஒரேயொரு "டிக்". டாஷ்போர்ட் விளக்குகள் எரிகின்றன, ஹோர்ன் ஊரையே எழுப்புகிறது, எஞ்சின் மட்டும் அசைவதில்லை. பக்கத்தில் நிற்பவர் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார்: "பற்றரி முடிஞ்சுது அண்ணை, புதுசொண்டு போடுங்கோ."

காசை எடுக்க முன்னர் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். காருக்குள் இருக்கும் 5 வாட் பல்ப் 12 வோல்ற்றில் இழுப்பது 0.4 அம்பியர். சின்னப் பெற்றோல் கார் ஒன்றின் ஸ்ராட்டர் மோட்டார் 150 அம்பியர் வரை கேட்கும். வழியில் எங்கேயோ 0.02 ஓம் தடை புகுந்துவிட்டது என்று வையுங்கள். ஓமின் விதிப்படி மின்னோட்டத்தைத் தடையால் பெருக்கினால் அங்கே தொலையும் வோல்ற்று வரும். பல்புக்கு அது 0.008 வோல்ற்று, யாருக்கும் தெரியாது. ஸ்ராட்டருக்கு 3 வோல்ற்று! மிச்சத்தில் மோட்டார் சுற்றாது, டிக் என்பதோடு சரி. 2009இல் பாலம் திறக்கும் வரை கிண்ணியாத் துறையில் இதே கதைதான்: நடந்து வருபவருக்குப் படகில் எப்போதும் இடம் இருக்கும், லொறிகள்தான் வரிசையில் காயும்.

அந்த 0.02 ஓம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கடலிலிருந்து. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளில் நீர் ஆவியாக, உப்புத் துகள் காற்றோடு கரைக்கு வருகிறது. பொனற்றுக்குள்ளும் போய்ப் படிகிறது. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைட்டு தானாகவே ஈரத்தை உறிஞ்சிக் கரைந்துவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கு அவ்வளவு ஈரம்கூடத் தேவையில்லை. ஆகவே மழையே பெய்யாத இரவிலும், கேபிளைக் காரின் உடலோடு இறுக்கும் போல்ட்டைச் சுற்றி மெல்லிய உப்புநீர்ப் படலம் ஒன்று நிற்கிறது. செப்புக் கேபிளின் முனையும் காரின் இரும்பு உடலும் அந்தப் படலத்தில் நனைந்தால் அதுவே ஒரு குட்டி மின்கலம். அதில் கரைந்து போவது இரும்பு. போல்ட் வெளியே பார்க்க இறுக்கமாகத்தான் இருக்கும், அடியில் துரு. துரு மின்னைச் சரியாகக் கடத்தாது.

பற்றரியின் தலையில் பூக்கும் வெள்ளையும் நீலப்பச்சையும் வேறு சங்கதி. அது உள்ளேயிருந்து கசியும் சல்பூரிக் அமிலம் ஈயத்தோடும் செம்போடும் சேர்ந்து உண்டாக்குவது. வெறும் கையால் தொடாதீர்கள்.

எல்லோரும் பார்ப்பது இந்தத் தலையைத்தான். யாரும் பார்க்காதது எஞ்சினைக் காரின் உடலோடு இணைக்கும் எர்த் கேபிள். எஞ்சின் ரப்பர் மவுண்ட்களில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்கடத்தாப் பொருள். ஸ்ராட்டருக்குப் போன மின்னோட்டம் பற்றரிக்குத் திரும்ப அந்த ஒரு கேபிளையே நம்பியிருக்கிறது. அது கெட்டால் மின்னோட்டம் அக்சிலேற்றர் கேபிள், கியர் கேபிள் என்று கிடைத்த வழியில் திரும்பும். அவற்றுக்கு 150 அம்பியரைத் தாங்கும் தடிப்பு இல்லை, சூடாகிக் கருகும். அடிக்கடி அக்சிலேற்றர் கேபிள் மாற்றுகிறவர்கள் ஒருமுறை எர்த்தைப் பார்ப்பது நல்லது.

கண்டுபிடிக்க ஒரு சாதாரண மல்ரிமீற்றர் போதும். கியரை நியூட்ரலில் விட்டு, ஹாண்ட்பிரேக்கை இழுத்துவிடுங்கள். மீற்றரின் ஒரு முனை பற்றரியின் மறைக் (−) கம்பத்தில், மற்றது எஞ்சினின் வெற்று உலோகத்தில். இன்னொருவர் சாவியைத் திருப்பட்டும். 0.2 வோல்ற்றுக்குள் காட்டினால் அந்தப் பக்கம் சுத்தம். அரை வோல்ற்றைத் தாண்டினால் ஒரு முனையைக் கம்பத்திலேயே விட்டு, மற்றதைக் கிளாம்ப், உடல், எஞ்சின் என்று படிப்படியாக நகர்த்துங்கள். எந்த இடத்தில் எண் பாய்கிறதோ அங்கேதான் துரு. நேர்முனையிலிருந்து ஸ்ராட்டரின் தடித்த கேபிள் வரைக்கும் இதே சோதனைதான். கேபிள் வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும், உறைக்குள்ளே செம்பு பச்சையாகிப் போயிருக்கலாம். அப்படியென்றால் சுரண்டிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

கழற்றும்போது மறைமுனையை முதலில் கழற்றுங்கள். நேர்முனையை முதலில் கழற்றப் போனால், அதில் இருக்கும் ஸ்பனர் தவறிக் காரின் உடலில் பட்டுப் பொறி பறக்கும். சார்ஜ் ஏறிய பற்றரியருகே ஐதரசனும் இருக்கலாம், காற்றில் 4 சதவீதமே வெடிக்கப் போதும். (பழைய மொரிஸ் மைனர் வைத்திருப்பவர்கள் கவனம்: அதில் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும், ஆகவே அதையே முதலில்.) சுடுநீரில் அப்பச்சோடாவைக் கரைத்து ஊற்றினால் அமிலம் நுரைத்து அடங்கும். பற்றரி மூடிகளுக்குள் அது போகக் கூடாது. கழுவிக் காயவிட்டு, உலோகம் மினுங்கும் வரை சாண்ட் பேப்பரால் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே கிறீஸ் பூசுங்கள். கிறீஸின் வேலை காற்றையும் ஈரத்தையும் தடுப்பது மட்டுமே.

பற்றரி சாகவே சாகாது என்றில்லை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பொனற்றுக்குள் ஏறும் சூடு அதன் ஆயுளைத் தின்கிறது. வெப்பம் 10 பாகை கூடினால் உள்ளே நடக்கும் தாக்கங்கள் ஏறத்தாழ இரட்டிப்பு வேகத்தில் நடக்கும். ஓய்வில் 12.6 வோல்ற்றுக் காட்டி, இணைப்புகள் எல்லாம் சுத்தமாக இருந்தும், சாவியைத் திருப்பும்போது கம்பங்களுக்கிடையே 9.6க்குக் கீழே விழுந்தால் புதிதாக வாங்கத்தான் வேண்டும். வாங்கும்போது உற்பத்தித் திகதியைப் பாருங்கள். கடைத் தட்டில் சும்மா இருக்கும் பற்றரியும் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும், வெக்கையில் இன்னும் வேகமாக.