வளவுக்கு அந்தப் பக்கம் கேட்காத குரல்

கானாடுகாத்தானில் எங்கள் சித்தப்பா வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று போய்க்கொண்டே இருக்கும். முகப்பில் தபால்காரர் வந்து நின்றால் அந்தச் சேதி அடுப்படியில் இருக்கும் அப்பத்தாவுக்குப் போய்ச் சேர வேண்டும். வீட்டில் நாலு செல்போன் இருந்தாலும் இன்றைக்கும் அதற்கு ஒரே வழி கூப்பாடுதான். அந்த வேலையை இருபது வருஷத்துக்கும் மேலாகச் செய்துவந்தவர் சித்தி. பகலில் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் பாடம், வீட்டுக்கு வந்தால் இந்தக் கூப்பாடு.

போன ஆடியில் சித்தியின் குரல் கம்மிப்போனது. ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள், ஆகவில்லை. காலையில் கொஞ்சம் தெளிவாக இருக்கும். மூன்றாவது பீரியட் முடிவதற்குள் கரகரத்து, சாயங்காலம் பாதி வார்த்தை வெறும் காற்றாகப் போகும். "என்னத்தா, காத்து மட்டும் வருது, சத்தத்தைக் காணோம்?" என்று அப்பத்தா கேட்டார். பிறகு நாங்கள் பார்த்த டாக்டர்களில் முதலாமவரைவிட அப்பத்தாதான் நோயைச் சரியாகச் சொன்னவர்.

வழக்கம்போல வைத்தியம் வீட்டில் ஆரம்பித்தது. சித்தரத்தையை வாயில் அடக்கிக்கொள்வது, பனங்கற்கண்டும் மிளகும் போட்ட பால், வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பது. இதமாக இருக்கும், நானும் செய்வேன். ஆனால் ஒன்று: நாம் விழுங்கும் எதுவும் குரல்நாணைத் தொடுவதில்லை. தொட்டால் புரையேறும்.

தொண்டையில் இரண்டு குழாய்கள் பிரிகின்றன. பின்னால் இருப்பது உணவுக்கு, முன்னால் இருப்பது மூச்சுக்கு. மூச்சுக்குழாயின் வாசலில் உட்கார்ந்திருப்பதுதான் குரல்வளை. செட்டிநாட்டு நிலைக்கதவு மாதிரி இரட்டைக் கதவு அதற்கு, அந்தக் கதவுகள்தான் குரல்நாண்கள். மூச்சு விடும்போது இரண்டும் திறந்திருக்கும், விழுங்கும்போது மூடிக்கொள்ளும். பேசுவது இந்தக் கதவுக்குப் பிற்பாடு வந்து சேர்ந்த வேலை. நுரையீரலைக் காப்பதுதான் பிறப்பிலேயே கொடுக்கப்பட்ட வேலை.

நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பன்று இழை எடுத்துக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். இருபத்தோரு நூல் இழைகளைத் திரியாக்கி, இனிப்பு மாவில் வைத்து ஏற்றி, எரியும் சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். வாயை மூடியதும் காற்றில்லாமல் சுடர் அணைந்துவிடுகிறது. அடுத்து விழுங்குகிறோமே, அந்த ஒரு நொடியில் நடப்பது அதைவிட ஆச்சரியம். தொண்டையில் விரலை வைத்து எச்சில் விழுங்கிப் பாருங்கள், ஒரு மேடு துள்ளி மேலே போய் இறங்கும். குரல்வளை முழுவதுமே மேலேறி நாக்கின் அடியில் ஒதுங்குகிறது. மேலே இருக்கும் குரல்வளை மூடி சாய்கிறது, குரல்நாண்கள் ஒட்டிக்கொள்கின்றன, மூச்சு நிற்கிறது, மாவு பின்பக்கமாக இறங்குகிறது. சிரித்துக்கொண்டே விழுங்கினால் இந்த வரிசை குலைந்து புரையேறும். உடனே "யாரோ உன்னை நினைக்கிறாங்க" என்று தலையில் தட்டுவார்கள். நினைப்பவர் யாரானாலும், அந்த இருமல் கதவின் காவல் வேலைதான்.

சரி, சித்திக்கு வருவோம். முதலில் பார்த்த டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். வாய் வழியே டார்ச் அடித்தால் குரல்நாண் தெரியாது, அது நாக்கின் அடிவாரத்தைத் தாண்டிக் கீழே இருக்கிறது. "வயித்து அமிலம் மேல வருதும்மா" என்று மூன்று மாதத்துக்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

இந்த மாத்திரைப் பழக்கம் உலகம் முழுக்க உண்டு. தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிற உணர்ச்சி, அடிக்கடி செருமல், கரகரப்பு என்று போனால் அமிலம் என்பார்கள். பிரிட்டனில் எட்டு மருத்துவமனைகளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள், முடிவு 2021-ல் வெளியானது. நாள்பட்ட தொண்டைத் தொந்தரவு உள்ள 346 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு லான்சபிரசோல் என்ற அமிலம் குறைக்கும் மருந்து 30 மில்லிகிராம் நாளுக்கு இரண்டு வேளை, மறுபாதிக்கு அதே மாதிரி தோன்றும் மருந்தில்லாத மாத்திரை, 16 வாரம். யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. தொந்தரவை ஒரு கேள்வித்தாளால் அளந்தார்கள், அதிகபட்சம் 45 மதிப்பெண். தொடக்கத்தில் இரு பக்கமும் சராசரி 22-ஐ ஒட்டி இருந்தது. 16 வாரம் கழித்து மருந்து சாப்பிட்டவர்களுக்கு 17.4, வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 15.6. இரண்டு பக்கமுமே தேறியிருந்தார்கள், மருந்தால் கூடுதலாக ஒன்றும் நடக்கவில்லை. "எனக்கு அந்த மாத்திரையில்தான் சரியாச்சு" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. மாத்திரை இல்லாமலும் அவருக்குச் சரியாகியிருக்கலாம், அவ்வளவுதான். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அந்த மருந்து நன்றாகவே வேலை செய்கிறது, அது வேறு கதை.

மூன்று மாதம் வீணாகி, மதுரையில் ஒரு காது-மூக்கு-தொண்டை நிபுணரிடம் போனோம். கழுத்தில் ஒரு சின்ன மைக்கை ஒட்டி, மூக்கு வழியே மெல்லிய குழாய்க் கேமராவை இறக்கி, "ஈ… என்று இழுங்கம்மா" என்றார். திரையில் இரண்டு வெள்ளை விளிம்புகள், மேலிருந்து பார்க்க ஆங்கில வி எழுத்து மாதிரி. அவை நிதானமாகத் திறந்து மூடின, கரையில் அலை புரள்வதுபோல.

நிதானமாக என்பது கண்ணை ஏமாற்றும் வேலை. பெண் குரலில் அந்த விளிம்புகள் நொடிக்கு 200 தடவைக்கு மேல் மோதுகின்றன, ஆண் குரலில் 100-க்குச் சற்று மேல். கண்ணால் பிடிக்க முடியாது. பழைய டியூப்லைட் வெளிச்சத்தில் சுற்றும் ஃபேன் மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றுவதுபோலத் தெரியுமே, அதே தந்திரம்தான். கழுத்து மைக் குரலின் அதிர்வை எண்ணும். விளக்கு அந்த எண்ணிக்கைக்குக் கொஞ்சம் விலகிய வேகத்தில் மின்னி மின்னி அணையும். ஒவ்வொரு மின்னலும் அடுத்தடுத்த அதிர்வின் சற்றே தள்ளிய கட்டத்தைக் காட்ட, எல்லாம் சேர்ந்து மெதுவான படமாகிறது. ஸ்ட்ரோபோஸ்கோபி என்பது இதன் பெயர். மின்விளக்கே இல்லாத காலத்தில், 1854-ல், மானுவேல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார் ஒரு பல் டாக்டர் கண்ணாடியையும் வெயிலையும் வைத்துக்கொண்டு தன் குரல்நாணைத் தானே பார்த்தார். டாக்டர்களுக்கு வழிகாட்டியவர் பாட்டு வாத்தியார் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

அது எப்படி நொடிக்கு 200 தடவை அசைகிறது? மூளையிலிருந்து நரம்பு ஒவ்வொரு அதிர்வுக்கும் ஒரு கட்டளை அனுப்புகிறது என்று 1950-ல் பிரான்சில் ஹுசோன் என்பவர் சொன்னார். அதெல்லாம் இல்லை, மூளை கதவைச் சேர்த்துப் பிடிப்பதோடு சரி, மீதியைக் காற்றே செய்கிறது என்று 1958-ல் வான் டென் பெர்க் என்பவர் விளக்கினார். சின்னப் பிள்ளைகள் உதட்டைச் சேர்த்து 'புர்ர்ர்' என்று கார் ஓட்டுவதைப் பாருங்கள். உதட்டுத் தசை அவ்வளவு வேகமாகவா துடிக்கிறது? சேர்ந்திருக்கும் உதட்டைக் காற்று தள்ளித் திறக்கிறது, உதட்டின் இழுவிசையும் காற்றழுத்தம் குறைவதும் திரும்ப மூடுகின்றன. குரலும் இந்தப் 'புர்ர்'தான்.

கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். நொடிக்கு 220 என்று வைத்தால், ஒரு மணி நேரம் விடாமல் குரல் கொடுத்தால் 7,92,000 மோதல். அதுவும் கத்தும்போது மோதல் பலமாக இருக்கும். மண்வெட்டி பிடிப்பவர் உள்ளங்கையில் விழும் காய்ப்பு மாதிரி, குரல்நாணின் விளிம்பிலும் காய்ப்பு விழுகிறது. டாக்டர்கள் நாட்யூல் என்பார்கள். பெரும்பாலும் இரண்டு பக்கமும் எதிரெதிரே, முன்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி வரும், மோதல் அங்கேதான் அதிகம். சித்தியின் படத்தில் சரியாக அந்த இடத்தில் இரண்டு சின்ன வெள்ளைப் புடைப்பு. கதவிடுக்கில் கல் மாட்டினால் கதவு முழுதாகச் சாத்துமா? புடைப்புக்கு இரு பக்கமும் இடைவெளி, அதன் வழியே காற்று ஒழுகுகிறது. அப்பத்தா சொன்ன 'காத்து மட்டும்' அதுதான்.

டாக்டர் அந்தப் படத்தில் வேறு இரண்டையும் தேடினார். முதலாவது, இரண்டு கதவும் அசைகின்றனவா என்பது. குரல்வளைக்குப் போகும் இடதுபக்க நரம்பு நேரே வருவதில்லை. கழுத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியை வளைத்துத் திரும்ப மேலே ஏறுகிறது, காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்கு மதுரை வழியாகப் போகிற மாதிரி. வழியில் தைராய்டு ஆபரேஷனிலோ, நெஞ்சுக் கட்டியாலோ அதற்கு அடிபட்டால் ஒரு கதவு செயலற்று நின்றுவிடும். பேச்சு காற்றாகும், தண்ணீர் குடித்தால் புரையேறும். 1974-ல் இஷிக்கி என்ற ஜப்பானிய மருத்துவர் இதற்கு ஓர் அழகான வழி கண்டார்: கழுத்துக் குருத்தெலும்பில் சின்ன ஜன்னல் வெட்டி, உள்ளே ஒரு துண்டை வைத்து, நகராத கதவை நடுவுக்குத் தள்ளிவிடுவது. இந்த ஆபரேஷனில் நோயாளி விழித்திருக்கிறார். மரத்துப்போக ஊசி போட்ட கழுத்தோடு அவரைப் பேசச் சொல்லி, குரல் சேரும்வரை துண்டை நகர்த்திப் பார்ப்பார்கள். காரைக்குடி வீணைக்குப் பேர்போன ஊர். தந்தியை முறுக்கும் பிருடையைத் திருகித் திருகி இதே மாதிரி சுருதி சேர்ப்பதை ஒருமுறையாவது பார்த்தவர்கள் இங்கே நிறைய.

இரண்டாவது, புற்று. புகையும் குடியும் சேர்ந்தவர்களுக்கு ஆபத்து அதிகம். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மல் நீடித்தால் உள்ளே பார்த்தே ஆக வேண்டும் என்பது இதற்காகத்தான். நாங்கள் மூன்று மாதம் மாத்திரையோடு உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. குரல்வளையை முழுதாக எடுக்கும் ஆபரேஷனை 1873-ன் கடைசி நாளில் வியன்னாவில் பில்ரோத் என்ற அறுவை மருத்துவர் செய்தார். அதற்குப் பிறகு முற்றிய நோய்க்கு நூறு வருஷத்துக்கு மேல் அதுவே வழக்கமான வழியாக இருந்தது. உயிர் இருக்கும், குரல் போகும், மூச்சு கழுத்தில் போட்ட துளை வழியே. 1991-ல் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் ஆய்வு இந்த வழக்கத்தை ஆட்டியது. 332 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு ஆபரேஷனும் கதிர்வீச்சும், மற்றவர்களுக்கு முதலில் கீமோ எனப்படும் புற்றுநோய் மருந்து, கட்டி சுருங்கினால் கதிர்வீச்சு. இரண்டு வருஷம் கழித்து இரு பக்கமும் உயிரோடிருந்தவர்கள் 68 சதவீதம். மருந்துப் பக்கத்தில் 64 சதவீதம் பேரிடம் குரல்வளை அப்படியே இருந்தது. எல்லாருக்கும் பொருந்தாது, ஆனாலும் "எடுத்துத்தான் ஆகணும்" என்ற பேச்சுக்கு அன்றிலிருந்து எதிர்க்கேள்வி உண்டு.

சித்திக்கு இந்த இரண்டும் இல்லை, காய்ப்பு மட்டும்தான். "வெட்டி எடுத்துடலாமா டாக்டர்?" என்று சித்தப்பா கேட்டார். டாக்டர் அவசரப்படவில்லை. குரல்நாண் வீணைத் தந்தி மாதிரி ஒரே பொருளால் ஆனதல்ல. மேலே மெல்லிய தோல், அதன் கீழே ஜெல்லி போன்ற அடுக்கு, அதற்குக் கீழே தசை என்று 1974-ல் ஹிரானோ என்ற ஜப்பானிய மருத்துவர் காட்டினார். ஜெல்லி மேல் தோல் வழுக்கி அலை புரள்வதுதான் குரலின் வளம். நுங்கின் தோலை உரிக்கும்போது உள்ளிருக்கும் நீர் சிந்தாமல் எடுப்பதற்கு எவ்வளவு நிதானம் வேண்டும்! இங்கே அதைவிட. கத்தி ஆழமாகப் போனால் தழும்பு விழுந்து தோல் கீழே ஒட்டிக்கொள்ளும், அலை நின்றுவிடும்.

சரி, இந்தக் காய்ப்புக்கு ஆபரேஷன் நல்லதா, குரல் பயிற்சி நல்லதா? இரண்டையும் ஒப்பிட்டு முறையாக நடந்த சோதனைகளை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் குழு தேடியது, 2012-ல் மறுபடியும் தேடியது. தகுதியான ஒன்றுகூட அகப்படவில்லை. இத்தனை ஆசிரியர்கள், இத்தனை பாடகர்கள், இத்தனை பட்டிமன்றப் பேச்சாளர்கள் அவதிப்படும் ஒன்றுக்கு இதுதான் நிலைமை. ஆனால் பயிற்சியில் கெடுதல் கிடையாது, தழும்பு விழுந்தால் திரும்பாது. ஆகவே முதலில் பயிற்சி என்பது பெரும்பாலானவர்கள் போகும் வழி.

சித்தியின் பயிற்சி பார்க்க வேடிக்கையாக இருந்தது. ஒரு டம்ளரில் தண்ணீர், அதில் சர்பத் ஸ்ட்ராவை இரண்டு விரற்கடை முக்கி, 'ஊ…' என்று குரல் கொடுத்துக்கொண்டே ஊத வேண்டும். தண்ணீர் குமிழியிடும், சத்தம் மாட்டுவண்டி மாதிரி வரும். ஸ்ட்ராவின் குறுகலும் தண்ணீரும் காற்றைக் கொஞ்சம் திருப்பித் தள்ள, குரல்நாணுக்கு மேலே அழுத்தம் கூடி, இரண்டு விளிம்பும் அறைந்துகொள்ளாமல் மெதுவாகச் சந்திக்கப் பழகுகின்றன. குசுகுசுவென்று பேசி அதையே ஓய்வு என்று நினைக்காதீர்கள் என்றும் சொன்னார்கள். இறுக்கிக் குசுகுசுப்பதும் தொண்டைக்குச் சிரமம்தான்.

வகுப்பறைக்கு என்ன செய்வது? அமெரிக்காவில் 2002-ல் குரல் கெட்ட 44 ஆசிரியர்களை மூன்று பிரிவாக்கி ஆறு வாரம் பார்த்திருக்கிறார்கள். ஒரு பிரிவுக்கு உடம்போடு மாட்டிக்கொள்ளும் மைக், ஒரு பிரிவுக்குக் "கத்தாதீர்கள், தண்ணீர் குடியுங்கள்" வகை அறிவுரை, ஒரு பிரிவுக்கு ஒன்றுமில்லை. தெளிவாகத் தேறியது மைக் பிரிவு. அறிவுரையால் சொல்லிக்கொள்கிற மாதிரிப் பலன் இல்லை. அறிவுரை சொல்லியே பழகிய ஆசிரியர்களிடம் இது நடந்ததுதான் வேடிக்கை. சித்தி ஒன்று வாங்கினார், இடுப்பில் சின்ன ஸ்பீக்கர், வாயோரம் மைக், கோவில் வழிகாட்டிகள் மாட்டியிருப்பார்களே அது. பையன்கள் இரண்டு நாள் சிரித்தார்கள், அப்புறம் பழகிவிட்டது.

வீட்டுக்கு மைக் சரிப்படவில்லை. சித்தப்பா ஒரு பழைய சைக்கிள் மணியைக் கழற்றி முகப்புத் தூணில் கட்டினார். இரண்டு தடவை அடித்தால் தபால், மூன்று தடவை அடித்தால் விருந்தாளி. அப்பத்தா மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. மணிச் சத்தம் கேட்டதும் அடுப்படியிலிருந்தே, "யாருத்தா அது?" என்று முகப்பு அதிரக் கேட்கிறார். சித்தி பதிலுக்கு இன்னொரு தடவை மணியை அடிக்கிறார்.